போகிக்குள் பார்த்துவிட வேண்டிய தண்ணீர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோவையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் மில்லில் துணி ஓரத்தில் சாக்பீஸால் போட்ட குறிகள்தான். மறதியும் வந்துவிட்டது. அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கதவைச் சாத்தப் போனால், கதவு ஞாபகமிருக்கும், பால் பொங்கிப்போயிருக்கும். அதனால் இங்கே ஒன்றை முன்னால் சொல்லிவிட்டு, அதற்கு முன்னால் நடந்ததைப் பின்னால் சொன்னாலும் சொல்வேன். பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவள் நான். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

முதலியார்பேட்டையில் எங்கள் வீடு. நானும் என் வீட்டுக்காரரின் அக்காவும் இருக்கிறோம். அவரை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். என் வீட்டுக்காரர் போன பிறகும் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே அடுப்புதான். மகன் காலாப்பட்டுப் பக்கம் குடியிருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை ஃபோன் பண்ணுவான். அண்ணி வெகுகாலம் ஒரு சொல்தா வீட்டில் சமையல் வேலை பார்த்தவர். பிரான்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். அந்த வீட்டு அம்மாள் நாயைப் போகச் சொல்லி விரட்டும் "அலே, அலே" என்ற சொல்லை அண்ணி தன்னோடு கொண்டுவந்துவிட்டார். நாய், காக்கை, மீன்காரி, நான் என்று எல்லோருக்கும் அந்த ஒரே அலேதான்.

பின்கட்டில் ஒரு சிமெண்டுத் தொட்டி இருக்கிறது. துணி ஊறவைக்கக் கட்டியது. மகன் வாஷிங் மெஷின் வாங்கிக் கொடுத்த பிறகு அது சும்மா கிடந்தது. ஊசுட்டேரிப் பக்கம் இருந்து வரும் கீரைக்காரி ஒரு அல்லிக் கிழங்கைக் கொண்டுவந்து கொடுத்தாள். அடியில் கொஞ்சம் மண் போட்டு நட்டேன். இலை வந்தது, பூ வந்தது, பிறகு பூச்சிகள் வந்தன. நான் யாரையும் கூப்பிடவில்லை. தண்ணீர் இருக்கிறதென்று அவற்றுக்கு யார் சொன்னார்களோ, தாமாகவே வந்தன. தண்ணீர்மேல் ஓடுகிறவை, முதுகைக் கீழே போட்டு நீந்துகிறவை, அடியில் மண்ணோடு மண்ணாகப் படுத்திருக்கிறவை. காலையில் காபித் தம்ளரோடு அங்கே போய் உட்கார்வது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

அந்த வருஷம் ஐப்பசி மழைக்குப் பிறகு எங்கள் சந்து முழுக்கக் காய்ச்சல். அண்ணிக்கும் வந்தது. பெரியாஸ்பத்திரியில் சிக்குன்குனியா என்றார்கள். காய்ச்சல் இறங்கிவிட்டது, வலி இறங்கவில்லை. இருபது பேருக்குத் தனியாளாக மாவு பிசைந்த கையால் ஒரு தம்ளரைப் பிடிக்க முடியவில்லை. தலையை நான்தான் முடிந்துவிட்டேன். அதுதான் அண்ணிக்கு வலியைவிடப் பெரிய அவமானம்.

அப்போதுதான் கொசு ஒழிப்பு வேலை பார்க்கும் பெண் டார்ச் விளக்கோடு வந்தாள். தொட்டிக்குள் அடித்துப் பார்த்தாள்.

"ஆயா, புழு நெளியுது. மருந்து ஊத்தட்டா, இல்ல நீங்களே கவுத்துடறீங்களா?"

"ரெண்டும் வேணாம்மா. நெளியறதெல்லாம் கொசுவா? பாத்துட்டுச் சொல்றேன்."

"பாக்கறதுக்கு இன்னா ஆயா இருக்குது? சரி, கொசுப்புழுன்னா தலைகீழாத் தொங்கும். வாலுப் பக்கம் ஒரு குழா இருக்கும், அதாலதான் மூச்சு வாங்கும். பாத்துக்குங்க. அடுத்த தபா வரும்போது இதே மாதிரி இருந்தா நான் கேக்க மாட்டேன், ஊத்திட்டுப் போய்க்கிட்டே இருப்பேன்."

உள்ளே கட்டிலில் படுத்திருந்த அண்ணிக்கு எல்லாம் கேட்டுவிட்டது.

"கேட்டியாடி? உன் தொட்டிதான் என் முட்டியை வாங்கிச்சு. பூ வளக்கறேன் பூ வளக்கறேன்னு எனக்குக் காய்ச்சல் வளத்துக் குடுத்திருக்கே."

அண்ணி எத்தனையோ திட்டியிருக்கிறார். அவையெல்லாம் சாப்பிட்டுக் கை கழுவும்போதே போய்விடும். இது போகவில்லை. ஒரே அடுப்பில் சாப்பிட்ட மனுஷிக்கு நான்தான் வலியைக் கொடுத்தேனா? ஆம் என்றாலும் சரி, இல்லை என்றாலும் சரி, எனக்குத் தெரிந்தாக வேண்டும் என்று நினைத்தேன்.

"போகி வரைக்கும் உனக்கு டைம்," என்றார் அண்ணி. "போகிக்குப் பழசெல்லாம் வெளிய போவும். தொட்டியும் போவணும்."

"ஒரு கொசுப்புழு இருந்தாலும் நானே கடப்பாரையால உடைச்சிடறேன் அண்ணி. இது சத்தியம்."

"யாரு பாத்துச் சொல்லுவா?"

"நான்தான்."

"ஒத்தக் கண்ண வச்சிக்கிட்டா?"

அது உண்மை. எனக்கு இடது கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் தெரியும். வலது கண்ணில் ஆபரேஷன் செய்து லென்ஸ் வைத்திருக்கிறார்கள், அது நன்றாகத் தெரியும்.

என்னிடம் ஒரு மடக்குக் கண்ணாடி இருந்தது. மில்லில் துணி சோதிக்கும் பிரிவில் எனக்கு வேலை. ஒரு அங்குலத் துணியில் எத்தனை இழை ஓடுகிறது என்று எண்ணுவதற்கு அந்தக் கண்ணாடி. மூன்றாக மடியும், விரித்துத் துணிமேல் நிறுத்தினால் இழை ஒவ்வொன்றும் கயிறு போலத் தெரியும். மில் மூடியபோது மேஸ்திரி "வச்சிக்கம்மா" என்று கொடுத்துவிட்டார். அதை எடுத்து, தொட்டித் தண்ணீரைச் சாசரில் ஊற்றி, மேலே நிறுத்திப் பார்த்தேன். ஏதோ ஒன்று சர்ரென்று வந்தது, கண்ணாடியின் காலைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது. துணி ஓடாது, இது ஓடியது. துணி ஒரே மட்டத்தில் கிடக்கும், இது மேலும் கீழும் போனது. மூன்று வால் தெரிந்தது. குழாய் இருக்கிறதா என்று பார்ப்பதற்குள் மங்கிவிடும். கண்ணிமை முடி அளவு இருந்த சின்னவை அந்தக் கண்ணாடிக்கு எட்டவே இல்லை.

இதைவிடப் பெரிதாகக் காட்டும் சாமான் வேண்டும் என்று முடிவு செய்தேன். இங்கேதான் தப்புப் பண்ணினேன். பெரிதாகக் காட்டினால் போதும் என்று நினைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதியில் சண்டே மார்க்கெட். பழைய சாமான்கள் பரப்பியிருக்கும் இடத்தில் ஒரு மைக்ராஸ்கோப் நின்றது. பள்ளிக்கூடத்தில் வைத்திருப்பார்களே, கறுப்பாக ஒரே குழாய், அடியில் வெளிச்சம் காட்ட ஒரு வட்டக் கண்ணாடி, அதுதான். கேட்கக் கூச்சமாக இருந்தது. பக்கத்துக் கடையில் அலுமினியக் குண்டான்களைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன். குண்டான்காரர் "எது வேணும்மா?" என்று கேட்டதும் பயந்துபோய் ஒன்றை வாங்கிவிட்டேன். வீட்டில் அது நாலாவது குண்டான். பிறகு அந்தக் குண்டானைக் கேடயம் மாதிரி முன்னால் பிடித்துக்கொண்டு மைக்ராஸ்கோப்காரரிடம் போனேன்.

"இதுல பூச்சி தெரியுமா?"

"பூச்சியா? ரத்தத்துல ஓடற கிருமியே தெரியும்மா. கிருமி தெரியற மெஷின்ல பூச்சி தெரியாமப் போயிடுமா?"

சரியான பேச்சாகத்தான் பட்டது. குண்டானுக்குள்ளேயே வைத்து எடுத்துவந்தேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரே கறுப்பு. வெளிச்சம் அடியிலிருந்து வருகிறது, பூச்சி அதை மறைக்கிறது. இரவில் தெருவிளக்குக்கு எதிரே ஆள் நின்றால் முகம் தெரியுமா? அப்படித்தான். ஓரத்தில் மட்டும் பனைமரம் மாதிரி ஒன்று தெரிந்தது. அது பூச்சியின் காலில் இருக்கும் ஒரு மயிர். பூச்சி முழுக்க எங்கே என்று தேடி, பூச்சியை வைத்து மூடிய கண்ணாடித் தகட்டை வலது பக்கம் தள்ளினால், அது இடது பக்கம் போகிறது. மேலே தள்ளினால் கீழே. மில்லில் துணியைத் தள்ளித் தள்ளிப் பழகிய கை இது. கண் ஒரு பக்கம், கை ஒரு பக்கம் என்று இரண்டும் சண்டை போட்டுக்கொண்டன. இன்னும் கொஞ்சம் தெளிவாகட்டும் என்று திருகியதில் குழாய் இறங்கி, மேல் தகட்டோடு பூச்சியை நசுக்கிவிட்டது. எதைக் காப்பாற்ற வாங்கினேனோ அதைக் கொன்றுவிட்டேன். மனசு கஷ்டமாகிவிட்டது.

கட்டிலிலிருந்து அண்ணியின் குரல் வந்தது. "இன்னாடி தெரியுது?"

"கறுப்பா இருக்குது அண்ணி."

"வெளிய எடுத்துப் பாத்தாலும் கறுப்பாத்தான் இருக்குது. அதுக்கா சண்டே மார்க்கெட்டு வரைக்கும் போன? போனதுதான் போன, இன்னொரு குண்டான் எதுக்குடி?"

விடவில்லை நான். ஒருநாள் மடக்குக் கண்ணாடியை மகன் வாங்கிக் கொடுத்த ஃபோனின் கேமராமேல் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினேன். தொட்டிமேல் குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, படம் எடுக்கும் பட்டனைத் தேடினேன். கண்ணாடி என் கையில் நின்றது. ஃபோன் தண்ணீருக்குள் போய் அல்லி இலைக்கு அடியில் விளக்கெரிந்துகொண்டு கிடந்தது.

அதை முந்தானையில் சுற்றிக்கொண்டு சந்து முனையில் இருக்கும் ஃபோன் ரிப்பேர் கடைக்கு ஓடினேன். கடைக்காரருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும், தம்பி என்றுதான் கூப்பிடுவேன். அவர் தலை நிமிரவில்லை. இரண்டு கண்ணையும் ஒரு சாமானில் வைத்துக்கொண்டு, அதற்குக் கீழே இரண்டு கையாலும் ஏதோ செய்துகொண்டிருந்தார். நான் அந்தச் சாமானைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

கண் வைக்க மேலே இரண்டு குழாய். வெளிச்சம் மேலிருந்து வளையமாக விழுகிறது. அடியில் ஒரு சாண் இடம் காலியாக இருக்கிறது. அங்கே ஒரு கிண்ணத்தையே வைக்கலாம். மேலே தகடு இல்லை, நசுங்காது. அவருக்குக் கண்ணும் கையும் சண்டை போடாமல் வேலை நடக்கிறது.

"தண்ணில விழுந்துட்டுதா? வச்சிட்டுப் போங்க ஆயா. காயணும். நாளைக்கு வாங்க."

கேட்க நினைத்ததைக் கேட்காமல் ஃபோனை வைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து என்னையே திட்டிக்கொண்டேன். மறுநாள் போனேன், ஃபோனை வாங்கிக்கொண்டு வாசல் வரைக்கும் வந்துவிட்டேன். அடுப்படியில் போய் நின்று அண்ணியின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று தோன்றியது. திரும்பினேன்.

"தம்பி, அதுக்கு அடியில ஒரு பூச்சி வைக்கலாமா?"

"எதுக்கு அடியில?"

"அதான், நீங்க கண்ணு வச்சிப் பாக்கறீங்களே."

"பூச்சியா? ஆயா, போர்டு மேல விழுந்தா ஷார்ட் ஆயிடும்!"

"கிண்ணத்தோட வைக்கறேன். தண்ணியோட."

"தண்ணியோடவா!" என்று சிரித்துவிட்டார். நான் போய்விடுவேன் என்று நினைத்திருப்பார். நான் போகவில்லை. ஒவ்வொரு வார்த்தையாக எல்லாவற்றையும் சொன்னேன், தொட்டி, அண்ணி, போகி, பள்ளிக்கூட மைக்ராஸ்கோப். அவர் ஒரு செல்ஃபோனின் உள்பலகையை அடியில் வைத்து என்னைப் பார்க்கச் சொன்னார். லைட்ஹவுஸ் மேலே ஏறி நம் ஊரைப் பார்த்தால் எப்படியிருக்கும், அப்படி நேர்நேராகத் தெருவும் வீடுமாக இருந்தது. பலகையை வலது பக்கம் தள்ளினேன். வலது பக்கமே போனது. எனக்கு அழுகை வந்துவிட்டது, மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

"எத்தனை மடங்கு தம்பி இது பெருசாக்கும்?"

"கம்மிதான் ஆயா. பத்து, இருபது, அவ்ளோதான். உங்க ஸ்கூல் மெஷினு இதைவிட எங்கியோ அதிகம். ஆனா எனக்கு முழுசாத் தெரியணும், கை நுழையணும். அதுல நுழையாது."

அதைத்தான் நான் தெரிந்துகொள்ளாமல் இருந்தேன்.

புதிதாக வாங்க வழியில்லை என்று தெரிந்ததும் அவர் அலமாரி மேலிருந்து பாலித்தீன் பையில் சுற்றிய ஒன்றை இறக்கினார். அவருடைய பழைய சாமான். மழைக்காலத்தில் ஒரு குழாய்க்குள் பூஞ்சை பிடித்துவிட்டதாம், ஒரு கண் வேலை செய்யாதாம். அடிப்பலகையைக் கழற்றிப் புதியதற்குப் போட்டுவிட்டார். தலையும் கம்பியும் மட்டும் இருந்தன.

"ரெண்டு கண்ணாலயும் பாத்தாதான் ஆயா மேடு பள்ளம் தெரியும், சால்டரிங் வைக்க முடியும். ஒரு கண்ணு அவுட்டுன்னா எனக்கு வேஸ்ட்டு."

"எந்தக் கண்ணு தம்பி?"

"லெஃப்ட்டு."

"எனக்கும் அதான்."

அவர் என் கண்ணைப் பார்த்தார், சாமானைப் பார்த்தார். பிறகு இரண்டு பேரும் சிரித்தோம். அவருடைய மகள் மைக்ராஸ்கோப் கேட்டுக்கொண்டே இருக்கிறாளாம். என் பள்ளிக்கூட மைக்ராஸ்கோப்பை அவருக்குக் கொடுத்துவிட்டு, அந்த ஒற்றைக் கண்ணை நான் வாங்கிக்கொண்டேன். மாற்றிக்கொண்டதில் இரண்டு பேருக்குமே லாபம்.

தலை கிடைத்துவிட்டது, நிற்கக் கால் இல்லை. எங்கள் தையல் மெஷின் பல வருஷமாக ஓடவில்லை. அதன் தலையைக் கழற்றினால் மேஜைப் பலகையில் நீளமாக ஒரு ஓட்டை இருக்கும். அதில் கம்பியை நிறுத்தி, வேட்டித் துணியைச் சுற்றி அடைத்தேன். ஆடியது. நான் மூச்சு விட்டாலே பூச்சிக்குப் பூகம்பம். பிறகு தண்ணீர்க் குழாயைச் சுவரோடு பிடித்துவைக்கும் இரும்புக் கிளாம்பு இரண்டை ஹார்டுவேர் கடையில் வாங்கி, கம்பியைப் பலகையோடு முறுக்கினேன். நின்றது. இரும்புக் கால்மேஜை, அசையவில்லை.

வெளிச்சத்துக்கு முதலில் குண்டு பல்பு வைத்தேன். சூட்டில் கிண்ணத்துத் தண்ணீர் வெதவெதவென்று ஆகிவிட்டது, பூச்சிகள் மேலே வந்து தவித்தன. உடனே தொட்டியில் கொண்டுபோய் விட்டேன். அப்புறம் சூடில்லாத எல்இடி. அதையும் நேர்மேலே வைத்தால் தண்ணீர் பளபளத்துக் கண் கூசியது. மில்லில் துணியில் முடிச்சு பார்க்கும்போது விளக்கைச் சாய்த்து வைப்போம். அப்படிச் சாய்த்தேன், சரியாகிவிட்டது. கறுப்புப் பூச்சிக்கு வெள்ளைச் சாசர். கண்ணாடி மாதிரி உடம்புள்ள பூச்சிக்குக் கண்ணாடிக் கிண்ணம், அதற்கு அடியில் கறுப்பு ரவிக்கைத் துணி. தண்ணீர் ஒரு கரண்டிக்கு மேல் கூடாது. அதிகமாக இருந்தால் நீந்திப் போய்விடும். இவ்வளவையும் தட்டுத் தடுமாறித்தான் கண்டுபிடித்தேன். அதற்குள் மார்கழி முடியப்போகிறது.

போகிக்கு முதல் நாள் காலையில் தொட்டியின் நாலு மூலையிலும் அடியிலும் டீ வடிகட்டியால் அரித்து எடுத்தேன். எனக்குப் பிடித்த மூலை, பிடிக்காத மூலை என்று பார்க்கவில்லை. அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்து ஸ்டூல் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். சாட்சிக்கு வந்திருக்கிறாராம்.

கண்ணை வைத்தேன். முதலில் தெரிந்தது மூன்று முடி வால் உள்ள பூச்சி. அதன் இடுப்பின் இரண்டு பக்கமும் இலை இலையாக வரிசை. ஒன்றின் பின் ஒன்றாக அந்த இலைகள் படபடவென்று அடித்துக்கொண்டன, தறி ஓடும்போது இழைவரிசை ஏறி இறங்குமே, அதே வேகம். நின்று நின்று அடித்தது. வெறுங்கண்ணுக்கு அது ஒரு அழுக்குத் துணுக்காகத்தான் தெரிந்திருந்தது. குழாய் இல்லை. கொசு இல்லை.

அடுத்து, மெலிந்த உடம்பு, முடிவில் மூன்று இலை வால். பெரிய கண்கள். இது ஊசித்தட்டானின் குஞ்சு. ஏனென்றால் இதே மாதிரி ஒன்று அல்லித் தண்டில் ஏறி, முதுகு பிளந்து, ஊசித்தட்டானாக வெளியே வந்ததை நான் காபித் தம்ளரோடு உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். இதுவும் கொசு இல்லை.

கிண்ணத்தைக் கொஞ்சம் தள்ளினேன். கரையோரம் தண்ணீர் மட்டத்தில் ஒன்று தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. வால் பக்கம் ஒரு குழாய். குழாயின் நுனி தண்ணீருக்கு வெளியே திறந்திருந்தது. அந்தப் பெண் சொன்னதில் ஒன்றுகூடக் குறையவில்லை.

ஒன்றுதான். ஆனால் ஒன்று. கிண்ணத்தைத் திருப்பி வைத்து இன்னொரு முறை பார்த்தேன், அதேதான். அண்ணிக்கு அங்கிருந்து ஒன்றும் தெரியாது.

"இன்னாடி, பேச்சையே காணோம்?"

"இருக்குது அண்ணி."

"இன்னா இருக்குது?"

"கொசுப்புழு. குழாயோட இருக்குது."

எழுந்தேன். கடப்பாரை குளியலறைக் கதவுக்குப் பின்னால் இருக்கும். எடுக்கப் போனேன். பார்த்துச் சொல்கிறேன் என்றுதான் சொன்னேன், பார்த்துச் சொல்லிவிட்டேன். பாக்கி இருப்பது கையின் வேலை.

நான் திரும்பி வரும்போது அண்ணி ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு என் இடத்தில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒரு கண்ணை மட்டும் மூடத் தெரியாது. முந்தானையை இடது கண்மேல் பொத்திக்கொண்டு வலது கண்ணைக் குழாயில் வைத்திருந்தார்.

"இந்தா, இதைத் திருகு. மங்கலா இருக்குது. என் வெரலு திரும்ப மாட்டேங்குது."

கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டுத் திருகினேன்.

"போதும், போதும். அட, தொங்குதே! இதான் அந்தச் சனியனா? எவ்ளோ கொழுத்திருக்குது பாரு. ரத்தமெல்லாம் என்னுது."

"ரத்தம் கொசுதான் குடிக்கும் அண்ணி, புழு குடிக்காது."

"நீ சும்மா இரு. இந்த எலைவாலு இன்னா பண்ணுது? பக்கத்துல வருதே. ஒண்ணும் பண்ணாம நிக்குதே." முகத்தைக் குழாயோடு இன்னும் ஒட்டவைத்தார். அப்புறம், "ஐயையோ!"

"இன்னா அண்ணி?"

"கையில்லாமப் புடிச்சிட்டுதுடி! மொவத்துலேருந்து ஒண்ணு நீட்டுச்சு, படக்குன்னு. இடுக்கி மாதிரி. புடிச்சி உள்ள இழுத்துக்கிச்சு!"

"விடுங்க, நான் பாக்கறேன்."

"அலே! தள்ளு அந்தாண்ட." அண்ணி கண்ணை எடுக்கவில்லை. "தின்னு. நல்லா தின்னு. வாலையும் விடாத. என் முட்டியை வாங்குன ஜாதி அது. நல்லா மென்னு தின்னு."

காய்ச்சல் வந்த நாளிலிருந்து அண்ணியின் குரலில் அவ்வளவு தெம்பை நான் கேட்கவில்லை. கடப்பாரையை மறுபடியும் கையில் எடுத்தேன்.

"எந்திரிங்க அண்ணி. தண்ணியை எறைச்சிட்டு உடைக்கணும்."

"இப்ப இன்னாடி அவசரம்? இது இன்னும் தின்னு முடியல."

"ஒண்ணு இருந்தாலும் உடைக்கறேன்னு சொன்னேன். சொன்னா சொன்னதுதான்."

"யாருகிட்ட சொன்ன?"

"உங்ககிட்டதான்."

"அப்ப நான்தான சொல்லணும்? அடுத்த போகிக்கு உடைச்சிக்கலாம். ஒண்ணு பத்தாது போல இருக்குது இதுக்கு, இங்கியும் அங்கியும் தேடுது. இன்னொண்ணு எங்கனா கிடைக்குதா பாரு, போ."

மறுநாள் விடியலில் போகி கொளுத்தும்போது அண்ணியின் காய்ச்சல் பாயையும் தலையணையையும்தான் நெருப்பில் போட்டோம். சண்டே மார்க்கெட் குண்டானையும் போட்டுவிடு என்றார். அது எரியாது என்று சொல்லி வைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அண்ணிக்கு வந்த பைத்தியத்தை என்னவென்று சொல்வது. பக்கத்து வீட்டு வாசலில் நின்று, "உங்க வூட்டு பக்கெட்டுல கொசுப்புழு இருந்தாக் குடுங்களேன்" என்று கேட்டார். அந்தம்மாள் "எங்க வூட்டுல ஏது கொசு? நாங்க சுத்தமா இருக்கறவங்க" என்று ஒரு வாரம் பேசவில்லை. ஆனால் அன்று மாலையே அவர்கள் வீட்டு வாளிகளெல்லாம் கவிழ்ந்திருந்தன.

கொசு ஒழிப்புப் பெண் மறுபடியும் வந்தாள். அவளையும் ஒற்றைக் கண்ணில் பார்க்கவைத்தோம். வெள்ளிக்கிழமைதோறும் தண்ணீரை வடிகட்டிப் பார்க்கிறேன் என்றேன். "விட்டுப்போச்சுன்னா மருந்துதான் ஆயா" என்றாள். அவளைச் சந்து வரைக்கும் தனியாகக் கூட்டிப்போய், நான் தெரிந்துகொள்ள நினைத்ததைக் கேட்டேன். அண்ணியைக் கடித்த கொசு என் தொட்டியில் பிறந்ததா?

"அது யாருக்கு ஆயா தெரியும்? எதுத்தாப்ல மாடியில டயரு கிடந்துது, அதுல பொறந்ததா இருக்கலாம். உங்களுதா இருக்கலாம். கொசு அட்ரஸ் சொல்லிட்டா கடிக்குது?"

ஆக, எதற்காக இவ்வளவும் செய்தேனோ அது மட்டும் எனக்குத் தெரியவில்லை. இனிமேலும் தெரியப்போவதில்லை. குளிர் அடிக்கும் நாளில் அண்ணி முட்டியைப் பிடித்துக்கொண்டு "உன் தொட்டிதான்" என்கிறார். இருக்கலாம் அண்ணி என்று சொல்லிவிட்டு எண்ணெய் தேய்த்துவிடுகிறேன். பிறகு அவரே ஸ்டூலில் உட்கார்ந்து முந்தானையை இடது கண்ணில் பொத்திக்கொள்கிறார். நான் திருகுகிறேன்.

படித்தவர்கள் யாராவது இதைப் படித்தால் எனக்கு ஒரு உதவி செய்ய வேண்டும். முடி வால், இலை வால் என்று நானாகப் பெயர் வைத்திருக்கிறேன், சரியான பெயர் என்ன என்று பார்த்துச் சொல்லுங்கள். முகத்திலிருந்து நீட்டிப் பிடிப்பது வாயா, உதடா, கையா என்று அண்ணிக்கும் எனக்கும் இன்னும் வழக்கு இருக்கிறது. எல்லாவற்றையும்விட முக்கியமாக இன்னொன்று. ஒரு வெள்ளிக்கிழமைக்கும் அடுத்த வெள்ளிக்கிழமைக்கும் நடுவில் முட்டை புழுவாகி, புழு கொசுவாகிப் பறந்துவிடுமா, அல்லது நான் வடிகட்டும் வரைக்கும் தண்ணீரிலேயே இருக்குமா? நான் கணக்குப் போட்டது தப்பென்றால் தயங்காமல் சொல்லிவிடுங்கள். கடப்பாரை இன்னும் குளியலறைக் கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது.